பத்து வயதில் பதிந்தது

நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் குளிப்பாட்டித் துணியில் சுற்றி, வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்கிறோம். நல்ல பெயராகப் பார்த்துச் சூட்டுகிறோம். ஏழாம் நாளில் முடி களைந்து, வசதியுள்ளவர்கள் அகீகாவும் கொடுக்கிறோம். இவையெல்லாம் குறைவின்றி நடந்துவிடுகின்றன. ஆனால், பாங்கொலி கேட்ட அந்தக் காதில் அதற்குப் பின் வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எதையெதைச் சொன்னோம் என்று கணக்குப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

"சனியனே!", "நீ உருப்படவே மாட்டாய்", "உன் ராத்தாவைப் பார், நீயும் இருக்கிறாயே", "பொறு, வாப்பா வரட்டும், தோலை உரிக்கச் சொல்கிறேன்" என்பன போன்ற சொற்கள் நம் வீடுகளில் காலை முதல் இரவு வரை சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன. சொன்ன நாம் அடுத்த நிமிடமே மறந்துவிடுகிறோம். கேட்ட பிள்ளை மறப்பதில்லை.

தொட்டிலில் பழகியது கடைசி வரை வரும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது விரல் சூப்புவது, அடம் பிடிப்பது போன்ற பிள்ளையின் பழக்கத்தைத்தான் நாம் நினைக்கிறோம். பிள்ளையிடம் நாம் பழகும் விதமும் அவ்வாறே அதனுடன் கூட வரும் என்பதை எண்ணுவதில்லை. சிறு வயதில் ஒரு பிள்ளை எப்படி நடத்தப்படுகிறதோ, பெரும்பாலும் அப்படித்தான் அது பின்னாளில் பிறரை நடத்துகிறது. இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் செய்தி இதுவே. இதற்கு ஒரு பெரியாரின் பிள்ளைப் பருவத்தையே சான்றாகப் பார்ப்போம்.

சிறுவர் அனஸ்

ஹலரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் பெயரைக் கேட்டிராத முஸ்லிம் வீடு இல்லை. அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ள ஹதீஸ்கள் 2286 என்று அறிஞர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அதிகமான ஹதீஸ்களை அறிவித்த ஸஹாபாப் பெருமக்களின் வரிசையில் அவர்களுக்கு மூன்றாம் இடம்.

ஆனால், அவர்களுடைய பிள்ளைப் பருவம் சுகமாகத் தொடங்கியதன்று. தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் தொடக்கக் காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்கள். மகனுக்கும் கலிமாவைச் சொல்லிக் கொடுத்தார்கள். தந்தை மாலிக் இதை ஏற்கவில்லை. மனைவி மீது கோபித்துக்கொண்டு ஷாம் நாட்டுக்குப் போனார். போன இடத்திலேயே இறந்தும் போனார். பின்னர் உம்மு ஸுலைம் அவர்களைப் பெண் கேட்டு வந்த அபூதல்ஹா (ரலி) அவர்களிடம், தாங்கள் இஸ்லாத்தை ஏற்பதே எனக்கு மஹர் என்று அம்மையார் சொன்னதும், அவ்வாறே அத்திருமணம் நடந்ததும் நாம் அடிக்கடி கேட்கும் வரலாறு.

நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தபோது அனஸ் (ரலி) அவர்களுக்கு வயது பத்து. பையன் புத்திசாலி, தங்களுக்குப் பணிவிடை செய்யட்டும் என்று சொல்லி வீட்டார் அவர்களை நாயகத்திடம் ஒப்படைத்தார்கள். அன்று தொடங்கிய பணி நாயகம் (ஸல்) அவர்கள் மறையும் வரை பத்தாண்டுகள் நீடித்தது.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். பெற்ற தந்தை இல்லாத பத்து வயதுச் சிறுவன். வேறொரு வீட்டில் ஏவல் வேலை. இப்படிப்பட்ட பிள்ளைகளை நாம் கண்டதில்லையா? கடையிலும் பட்டறையிலும் பெரிய வீட்டு அடுக்களையிலும் நின்ற சிறுவர்கள் எத்தனை பேர்! ஒரு தம்ளர் கை தவறி உடைந்தால் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் நமக்குத் தெரியும். அவ்வாறு வளர்ந்தவர்களில் பலர் முதலாளியானதும் தம்மிடம் வேலைக்கு வந்தவர்களை அதே கையால் அடித்ததையும் கண்டிருக்கிறோம். அனஸ் (ரலி) அவர்களும் ஒரு வீட்டின் பணியாளாகவே வளர்ந்தார்கள். ஆனால் அந்த வீடு எப்படிப்பட்ட வீடு!

போகமாட்டேன் என்ற பையன்

பத்தாண்டுகள் பணி செய்தேன்; ஒரு தடவை கூட என்னைச் 'சீ' என்று சொன்னதில்லை; செய்த ஒன்றை ஏன் செய்தாய் என்றோ, செய்யாத ஒன்றை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்ற கருத்தில் அனஸ் (ரலி) அவர்களே அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

அப்படியானால் அனஸ் (ரலி) அவர்கள் தவறே செய்யாத பிள்ளையாக இருந்தார்களா? அதுவும் இல்லை. ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாகப் போய் வரச் சொன்னார்கள். போகமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டார் சிறுவர். மனதிலோ போக வேண்டும் என்றுதான் எண்ணம். பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள். புறப்பட்டுப் போகிற வழியில் கடைவீதியில் சிறுவர்கள் விளையாடிக் கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டார். சற்று நேரத்தில் பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) அவர்கள்! முகத்தில் சிரிப்பு. செல்லமாக 'உனைஸ்' என்று அழைத்து, நான் சொன்ன இடத்துக்குப் போ என்றார்கள். இதோ போகிறேன் என்று சிறுவர் ஓடினார்.

ஏவிய வேலையை அவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் அதை வாங்கிய விதத்தில் ஏச்சு இல்லை, அடி இல்லை. விளையாடிக் கொண்டிருந்த மற்றச் சிறுவர்களின் எதிரில் அவமானப்படுத்துவதும் இல்லை. கண்டிப்பும் கனிவும் ஒரே கையில் இருந்தன.

தெருவில் ஒரு ஸலாம்

வேறொரு நாள் அனஸ் (ரலி) அவர்கள் பிள்ளைகளோடு விளையாடிக் கொண்டிருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தார்கள். விளையாடிய பிள்ளைகளுக்கு ஸலாம் சொன்னார்கள். பின்னர் அனஸைத் தனியே ஒரு காரியத்துக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. ஏன் தாமதம் என்று தாயார் கேட்டார்கள். நாயகம் அனுப்பிய வேலை என்றார். என்ன வேலை என்றதற்கு, அது இரகசியம் என்றார்.

இந்த இடத்தில் நம் வீட்டுத் தாய்மார்களில் பலர் என்ன சொல்வார்கள்? "பெற்ற தாயிடம் மறைக்கிறாயா?" என்று காதைத் திருகியிருப்பார்கள். உம்மு ஸுலைம் (ரலி) அவர்களோ, அப்படியானால் அதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று மகனுக்குச் சொன்னார்கள். ஒரு பெரியவர் பிள்ளையை நம்பி ஒன்றை ஒப்படைத்தார். அந்த நம்பிக்கையைத் தாயும் காத்தார். பல்லாண்டுகள் கழித்துத் தம் மாணவர் ஸாபித் அல்புனானீ (ரஹ்) அவர்களிடம் இதைச் சொன்னபோது, யாரிடமாவது சொல்வதாக இருந்தால் உம்மிடம் சொல்லியிருப்பேன் என்றார்களாம் அனஸ் (ரலி) அவர்கள். அப்போதும் அந்த இரகசியம் வெளியே வரவில்லை.

அமானிதம் என்றால் என்ன என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளை வேறு. அமானிதம் காப்பவன் என்று நம்பப்பட்ட பிள்ளை வேறு.

குருவியும் சுரைக்காயும்

அனஸ் (ரலி) அவர்களுக்குத் தாய் வழியில் ஒரு சின்னத் தம்பி இருந்தார். பால் மறந்த பருவம். சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடுவார். அந்தக் குருவி இறந்துவிட்டது. குழந்தை வாடியிருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், பெரியவர்களை அழைப்பதுபோல 'அபூஉமைர்' என்று அழைத்து, குருவி என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். நாட்டின் பொறுப்பையும் படையின் பொறுப்பையும் தலையில் சுமந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவியைப் பற்றி விசாரிக்க நேரம் இருந்தது! ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனி ஏடே எழுதினார்கள்.

இன்னொரு செய்தி. தையற்காரர் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். அனஸ் (ரலி) அவர்களும் கூடச் சென்றார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட குழம்பும் வைக்கப்பட்டன. தட்டின் ஓரங்களில் இருந்த சுரைக்காய்த் துண்டுகளை நாயகம் அவர்கள் தேடி எடுத்து உண்பதைப் பையன் பார்த்துக் கொண்டிருந்தார். அன்று முதல் சுரைக்காய் எனக்கும் பிரியமானதாகிவிட்டது என்று பின்னாளில் சொன்னார்கள்.

சுரைக்காய் சாப்பிடு என்று யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. நேசித்தவருக்குப் பிடித்தது பிள்ளைக்கும் பிடித்துவிட்டது. மார்க்கமும் பிள்ளைகளிடம் இந்த வழியில்தான் இறங்குகிறது. தொழுகிறவரைப் பிள்ளை நேசித்தால் தொழுகையையும் நேசிக்கும். தொழச் சொல்கிறவரைக் கண்டாலே நடுங்கினால், கை நீளுமளவுக்கு வளர்ந்த பின் முதலில் உதறுவது எதை என்பதை நாமே ஊகித்துக் கொள்ளலாம்.

மூன்று தலைமுறை

அனஸ் (ரலி) அவர்கள் நீண்ட ஆயுள் பெற்றார்கள். நூறு வயதையொட்டி வாழ்ந்து ஹிஜ்ரி 93 வாக்கில் பஸரா நகரில் மறைந்தார்கள். அந்த முதுமையில் நடந்த ஒன்றை முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

ஸய்யார் என்பவர் ஸாபித் அல்புனானீ (ரஹ்) அவர்களோடு நடந்து போகிறார். வழியில் சிறுவர்கள். ஸாபித் அவர்களுக்கு ஸலாம் சொல்கிறார். பிறகு சொல்கிறார்: நான் அனஸ் (ரலி) அவர்களோடு நடந்து போனபோது அவர்கள் சிறுவர்களுக்கு ஸலாம் சொன்னார்கள். தாம் நாயகம் (ஸல்) அவர்களோடு நடந்து போனபோது அவர்கள் சிறுவர்களுக்கு ஸலாம் சொன்னதாக அனஸ் (ரலி) அறிவித்தார்கள்.

மதீனாவின் தெருவில் ஒரு சிறுவனின் காதில் விழுந்த ஸலாம், அவர் முதியவரானபோது பஸராவின் சிறுவர்களுக்குக் கிடைத்தது. அவருடைய மாணவர் வழியாக அடுத்த தலைமுறைச் சிறுவர்களுக்கும் கிடைத்தது. ஏச்சும் இவ்வாறே தான் இறங்கி வருகிறது. பாட்டனாரின் வாயிலிருந்த அதே வசைச்சொல் பேரனின் வாயிலும் இருப்பதை எத்தனை குடும்பங்களில் கேட்கிறோம்!

ஆராய்ச்சியாளர்கள் கண்டது

இக்கால மனோதத்துவ அறிஞர்களும் பிள்ளைப் பருவத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் தாய் தந்தையரை இழந்து வீடின்றித் தவித்த குழந்தைகளின் மனநிலை பற்றி, ஜான் போல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951ல் ஓர் அறிக்கை தந்தார். உணவும் உடையும் கிடைத்தாலும், தன்னோடு நிலையாக இருந்து அன்பு காட்டும் ஒருவர் இல்லாவிட்டால் குழந்தையின் மனம் வாடிப் போகிறது என்பது அதன் சாரம். போல்பி தாமும் தாயைவிட வளர்ப்புச் செவிலியிடமே அதிகம் வளர்ந்தவர். அவருக்கு ஏறத்தாழ நான்கு வயதாயிருக்கும்போது அந்தச் செவிலி வேலையை விட்டுப் போனதைத் தாயை இழந்ததற்கு ஒப்பாகவே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அவருடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த் என்ற அம்மையார் முதலில் ஆப்பிரிக்காவின் உகாண்டா கிராமங்களிலும், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று கவனித்தார். அழும்போது ஓடி வந்து தூக்கப்பட்ட குழந்தைகள், முதல் வயது முடியும் தறுவாயில் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே அழுதன என்பதை 1972ல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. தாய் இருக்கிறாள் என்ற தைரியம் உள்ள குழந்தைதான் தாயை விட்டு நகர்ந்து போய் உலகத்தைத் தொட்டுப் பார்க்கிறது. "தூக்கித் தூக்கிக் கெடுக்காதே" என்று இளம் தாய்மாரை அதட்டும் மூத்தவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் பதறுமே என்று ஜமாஅத்துத் தொழுகையையே சுருக்கிக் கொண்ட நபியின் உம்மத்தல்லவா நாம்!

அச்சமும் பொய்யும்

"அடியாத மாடு படியாது" என்பது நம்மில் பலருடைய கொள்கை. அடித்தால் பிள்ளை படிகிறது என்பது உண்மையே. ஆனால் எதைப் படிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றில் இரண்டு பள்ளிகளின் சிறு குழந்தைகளைச் சோதித்து 2011ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் பிரம்படியும் கிள்ளும் அறையும் அன்றாட வழக்கம். மற்றதில் தவறு செய்த பிள்ளைக்கு அடி இல்லை, கண்டிப்பு மட்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து, பின்னால் இருக்கும் விளையாட்டுப் பொருளைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தாயா என்று கேட்டபோதுதான் வேறுபாடு தெரிந்தது. அடி வழக்கமாயிருந்த பள்ளியில், பார்த்த பிள்ளைகள் ஏறக்குறைய அத்தனை பேரும் பொய் சொன்னார்கள். சொன்ன பொய்யைப் பிடிபடாமல் காப்பாற்றவும் தேர்ந்திருந்தார்கள். மற்றப் பள்ளியில் பொய் சொன்னவர்கள் பாதிக்குச் சற்று மேல்.

அடி, திரும்பிப் பார்க்கும் ஆசையை நிறுத்தவில்லை. மறைக்கும் திறமையை வளர்த்தது. பயத்தால் பொய் பழகிய பிள்ளை நாளை கடையில் அமர்ந்து கணக்கு எழுதும்போதும் அதே பழக்கம் கூட வரும் என்பதை மறக்கலாகாது.

பெரியவர்கள் பிள்ளையிடம் சொல்லும் பொய்யும் உண்டு. சிறுவரான அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்களைத் தாயார், வா, ஒன்று தருகிறேன் என்று அழைத்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். என்ன கொடுக்க எண்ணினீர் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அம்மையார். எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று உணர்த்தினார்கள். இந்த நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. ஊசி போட அழைத்துச் செல்லும்போது "மிட்டாய்க் கடைக்குப் போகிறோம்" என்று சொல்லும் வழக்கத்தை இந்தத் தராசில் வைத்துப் பார்ப்போமாக.

ஏழு வயதும் பத்து வயதும்

இங்கே வாசகர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம்: ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்று ஹதீஸ் இருக்கிறதே?

ஆம், இருக்கிறது. ஆனால் அதில் பத்தை மட்டும் படிக்கிறோம், ஏழை விட்டுவிடுகிறோம். ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள். பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 நாட்கள். நாளொன்றுக்கு ஐந்து வக்து. ஐயாயிரம் தடவைக்கு மேல் அந்தப் பிள்ளையைத் தொழுகைக்கு அன்போடு அழைத்திருக்க வேண்டும். அழைத்தவர் தாமும் உடன் தொழுதிருக்க வேண்டும். இந்த ஐயாயிரத்தைச் செய்யாதவர் கையை ஓங்குமுன் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். முகத்தில் அடிக்கலாகாது, காயம் படலாகாது, கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அடிக்கலாகாது என்றெல்லாம் மார்க்க அறிஞர்கள் வரம்புகள் விதித்துள்ளார்கள். அறப்போர்க் களத்தில் அன்றி, நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையால் எவரையும், ஒரு பெண்ணையோ பணியாளையோ, அடித்ததில்லை என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சியம்.

ஸுஜூதில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால், அது தானாக இறங்கும் வரை ஸுஜூதை நீட்டினார்கள் என்று நஸாயீயில் வருகிறது. தொழுகைப் பாயில் ஏறி விளையாடியதற்காக அறை வாங்கிய பிள்ளைக்கு அந்தப் பாயைப் பற்றி என்ன நினைவு தங்கும்?

வாப்பா ஊரில் இல்லாத வீடு

நம் ஊர்கள் பலவற்றில் வாப்பா கடல் கடந்து இருக்கிறார். முன்பு பர்மா, மலாயா, இலங்கை. 1970களிலிருந்து வளைகுடா நாடுகள். இரண்டாண்டுக்கு ஒரு முறை வரும் வாப்பாவைக் கண்டு குழந்தை உம்மாவின் முந்தானையில் ஒளிந்துகொள்வதை எத்தனை வீடுகளில் காண்கிறோம். அந்தத் தகப்பனின் மனம் படும் பாட்டைச் சொல்லி முடியாது. வயிற்றுப் பிழைப்புக்காகப் பிரிந்திருப்பவரைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் அந்தப் பிரிவுக்குள்ளேயே செய்யக் கூடியவை உண்டு.

முதலாவது, இல்லாத வாப்பாவைப் பூச்சாண்டியாக்கும் வழக்கத்தை உம்மாமார் விட்டுவிட வேண்டும். "வாப்பா வரட்டும்" என்ற சொல் வீட்டில் மகிழ்ச்சிச் செய்தியாக இருக்க வேண்டுமேயல்லாமல் மிரட்டலாக இருக்கலாகாது. இரண்டாவது, இன்று கைப்பேசியில் முகம் பார்த்தே பேச முடிகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் மதிப்பெண்ணையும் புகார்களையும் மட்டுமே விசாரித்தால், பிள்ளை அடுத்த தடவை பேச வர மறுக்கும். குருவி என்ன ஆயிற்று என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பூனை குட்டி போட்டதா, பல் விழுந்ததா, ஓதும் பள்ளியில் எந்த ஸூராவுக்கு வந்திருக்கிறாய் என்று கேட்கலாம்.

மூன்றாவது, ஊரில் இருக்கும் பெரியவர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு அம்மையார்கள் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் என்று பல துன்பங்கள் ஒன்றாகச் சூழ்ந்த குழந்தைகள் அவர்களில் இருநூறு பேருக்குக் குறையாமல் இருந்தனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எந்தக் கோணலும் இன்றி நல்ல மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டது என்ன? பாட்டி, மாமி, மூத்த சகோதரி, ஆசிரியர் என்று யாரேனும் ஒருவராவது அவர்களை மனதார நேசித்து நிலையாக உடன் இருந்தார். இடையில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் முப்பது நாற்பது வயதுக்குள் திருந்தி நிலைபெற்றார்கள்.

ஆகவே உம்மம்மாவும் மாமாவும் மக்தப் உஸ்தாதும் தங்களைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். ஒரு பிள்ளைக்கு அந்த 'ஒருவர்' நீங்களாகவே இருக்கக் கூடும்.

கடினமாக வளர்ந்தவர்களுக்கு

இதைப் படிக்கும் சிலருக்குத் தம் பிள்ளைப் பருவம் நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கலாம். அடிபட்டே வளர்ந்தோமே, நாம் இனி மாற முடியுமா என்று தோன்றலாம். நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் தாயையும் எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தவர்கள். அந்த அநாதைப் பருவத்தை அருள்மறையின் 93ஆம் அத்தியாயம் அவர்களுக்கே நினைவூட்டி, அதனால் அநாதையிடம் கடுமை காட்டாதீர் என்று கட்டளையிடுகிறது. பட்ட துன்பத்திலிருந்து இரக்கத்தைக் கற்கும் வழி அதில் காட்டப்படுகிறது.

எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் நான் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸ் (ரலி) அவர்களுக்கு, இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்பது பதிலாகக் கிடைத்தது. அவர் அப்படி வளர்க்கப்பட்டிருக்கலாம். ஆனால் அதை அப்படியே விட்டுவிட நாயகம் (ஸல்) அவர்கள் சம்மதிக்கவில்லை. வாங்கியதையே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

இந்த மாதப் பயிற்சி

படித்ததோடு நின்றுவிடாமல், அடுத்த இதழ் கைக்கு வருமுன் வீட்டில் இவற்றைச் செய்து பார்ப்போம்.

1. வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளைகளுக்கும் ஸலாம் சொல்வோம். அவர்கள் முந்திச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

2. தவறு நடந்தால் "ஏனடா செய்தாய்?" என்று தொடங்காமல், "என்ன நடந்தது?" என்று கேட்போம். உண்மை சொன்ன பிள்ளைக்கு, உண்மை சொன்னதற்காக அடி விழாது என்ற உறுதி இருக்கட்டும்.

3. பிறர் எதிரில் பிள்ளையைக் கண்டிக்க வேண்டாம். தனியே அழைத்துச் சொல்வோம். பட்டப் பெயர் வைத்து அழைப்பதை அடியோடு விடுவோம்.

4. ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என்று அன்பில் வேற்றுமை காட்ட வேண்டாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்பு எழுதிய நுஃமான் (ரலி) அவர்களின் தந்தைக்குச் சாட்சி நிற்க நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்ததை நினைவில் கொள்வோம்.

5. ஒரு நாளில் ஒரு வக்தாவது பிள்ளையின் கையைப் பிடித்துத் தொழுகைக்கு அழைத்துப் போவோம், அல்லது வீட்டிலேயே பக்கத்தில் நிறுத்திக்கொள்வோம்.

6. கோபத்தில் அளவு மீறிவிட்டால், பெரியவர் பிள்ளையிடம் "வாப்பா மீது தவறு", "உம்மா மீது தவறு" என்று சொல்லட்டும். மன்னிப்புக் கேட்பது எப்படி என்பதைப் பிள்ளை வேறு எங்கே பார்த்துக் கற்கும்?

இன்று நம் மடியில் இருக்கும் பிள்ளைகள் நாளை தகப்பனாகவும் தாயாகவும் மாமியாராகவும் முதலாளியாகவும் ஆகப் போகிறவர்கள். அவர்கள் கைக்குள் வரப்போகும் பலவீனர்களை எப்படி நடத்துவார்கள் என்பது பெரும்பாலும் இந்த ஆண்டுகளில், நம் அடுக்களையிலும் திண்ணையிலும் தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது. வல்ல அல்லாஹ் நம் மக்களைக் கண் குளிர்ச்சியாக ஆக்கி, நம் நாவிலும் கையிலும் அவர்களுக்கு ரஹ்மத்தை வைப்பானாக! ஆமீன்.